விண்கலத்தில் சொந்தக்காரர்கள்

“பெரியோர்களே, தாய்மார்களே, பங்காளிகளே, சம்பந்திகளே! வருகிற வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்து, பகல் பன்னிரண்டே காலுக்கு மனிதகுலம் பால்வெளியின் ஒன்பதாவது வாசலைக் கடக்க இருக்கிறது. சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த இந்நிகழ்ச்சியைத் திண்டுக்கல் நாகல்நகரிலிருந்து நேரலையாக வழங்குபவர் பூக்கடை பழனிக்குமார். அனைவரும் குடும்பத்துடன் கண்டுகளித்து, லைக் போட்டு, சப்ஸ்கிரைப் செய்து, வாழ்த்தியருளுமாறு அன்புடன் அழைக்கிறோம்.”

இந்த அறிவிப்பு ‘உறவுப் பாலம்’ என்ற குடும்ப வாட்ஸப் குழுவில், ஒரு ரோஜாப்பூ காலை வணக்கத்துக்கும் மூட்டுவலிக்கான முடக்கத்தான் கஷாயத்துக்கும் நடுவில் வெளியானது. மனிதகுலத்தின் சார்பில் மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

பழனிக்குமாருக்கு வயது முப்பத்தாறு. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. கோழி கூவும் முன் போய், மல்லிகையும் சம்பங்கியும் ஏலம் விட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். மற்ற வியாபாரிகள் அதற்குமேல் தூங்குவார்கள். இவர் மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி எடுப்பார். ‘பூக்கடை கேமிங்’ என்று ஒரு யூடியூப் சேனல். புதிதாக ஒரு கேம் வந்தால், முதல்முறை விளையாடும்போது என்ன தோன்றுகிறதோ அதை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டே விளையாடுவார். ஆங்கிலத்தில் வரும் ஒவ்வொரு வரியையும் தமிழாக்கி உரக்கப் படிப்பது சேனலின் சிறப்பம்சம். அந்தச் சிறப்பம்சத்தால் என்னவெல்லாம் நேரும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை இறங்கப்போகிற கேமின் பெயர் ‘ஓரியன் நைன்’. விஞ்ஞானப் புனைவு, ரோல் பிளேயிங் வகை. சுட்டுத் தள்ளிக்கொண்டே போகிற சமாச்சாரம் கிடையாது. ஒரு விண்கலத்துக்கு நீங்கள் கேப்டன். கூட இருக்கிறவர்களிடம் என்ன பேசுகிறீர்கள், யார் சொன்னதைக் கேட்டீர்கள், யாரை முதலில் விசாரித்தீர்கள் என்பதையெல்லாம் கேம் கவனித்து வைத்துக்கொள்ளும். பிறகு சமயம் பார்த்துப் பழி வாங்கும். நம் ஊரில் இதைக் கல்யாண வீடு என்போம்.

கல்யாண வீடு என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளிக்கு அடுத்துவந்த ஞாயிறு, பழனிக்குமாரின் ஒன்றரை வயது மகள் தியாஷினிக்கு மொட்டையடித்துக் காது குத்து. ஆத்தூர் அணைக்கட்டுப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் விசேஷம். இதற்கு இரண்டு பேர் இல்லாமல் முடியாது. ஒருவர், தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர். பழனிக்குமாரின் மனைவி ஜீவிதாவுக்கு அண்ணன், பெயர் நாட்ராயன், நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு. இன்னொருவர், சித்தையன்கோட்டையில் உரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா காமராஜ். பழனிக்குமாருக்கு அப்பா இல்லாததால் பங்காளிகளுக்கெல்லாம் தலைவர் அவர்தான். கோயில் சாவியும் அவர் இடுப்பில்தான்.

இந்த இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பழனிக்குமாரின் கல்யாணத்தில் மைக் செட்காரன் மேடைக்கு முதலில் அழைத்தது நாட்ராயனை. அந்த நேரம் மேடைப்படியில் ஒரு காலை வைத்திருந்த காமராஜ், வைத்த காலைத் திரும்ப எடுத்தார். அன்றிலிருந்து நாட்ராயன் இருக்கும் எந்த மேடையிலும் அந்தக் கால் ஏறியதில்லை.

காது குத்துப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று பழனிக்குமார் ஒரு மாதம் யோசித்தார். கடைசியில் எல்லாப் பெயர்களையும் வட்டமாகச் சுற்றிப் போட்டு, நடுவில் வேல் படம் வைத்துவிட்டார். “என்னங்க, குலுக்கல் பரிசா?” என்று அச்சகத்துக்காரர் கேட்டார். ஆனால் பத்திரிகை வேலை செய்தது. இருவருமே வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வெற்றியின் மிதப்பில்தான் பழனிக்குமாருக்கு அந்தக் கெட்ட யோசனை உதித்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலுக்கு நேரலை தொடங்கியது. தொழில்நுட்பப் பொறுப்பு டோனி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பழனிக்குமாருக்குப் பத்து வயது இளையவன். பக்கத்து நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பார்ப்பவர்கள் எழுதும் கமெண்டுகளைப் படித்துச் சொல்வது அவன் வேலை.

முதல் திரையிலேயே பழனிக்குமார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இருட்டு. இருட்டுக்குள் ஒரு புள்ளி. புள்ளி மெல்லப் பெரிதாகி ஒரு கப்பலாகிறது. பித்தளைக் குத்துவிளக்கைச் சாய்த்து வைத்தது போன்ற கப்பல். அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகின்றன. அறைக்குள் சப்தம் வயிற்றிலிருந்து கிளம்புவது போல உறுமுகிறது.

“டோனி! டேய்! மயிர்க்கால் நட்டுக்கிருச்சுடா!”

“அண்ணே, இது இன்னும் மெனுதேன். ஸ்டார்ட் பட்டன அமுக்குங்க.”

அமுக்கினார். கப்பலின் ஆட்களை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம் என்றது கேம். பைலட் ஒருவர், இன்ஜினியர் ஒருவர், மற்றபடி சில்லறை வேலைகளுக்கு ஒரு ரோபோ. முகம், மீசை, பெயர் எல்லாம் உங்கள் விருப்பம்.

“மக்களே,” என்றார் பழனிக்குமார் காமிராவைப் பார்த்து. குரல் திடீரென்று பட்டிமன்ற நடுவர் குரலாகிவிட்டது. “இந்த அண்டப் பயணத்துக்கு நம்ம குடும்பத்துப் பெரியவங்க ஆசி வேணும். அதனால பைலட்டுக்கு எங்க சித்தப்பா பேரு, காமராஜ். இன்ஜினியருக்கு எங்க மச்சான் பேரு, நாட்ராயன்.”

அடுப்படியிலிருந்து ஜீவிதா எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, உங்களுக்கு வேற பேரே கெடைக்கலீங்களா?”

“மரியாத பண்றேன்டி.”

“நீங்க மரியாத பண்ணித்தானுங்க ஒவ்வொரு வாட்டியும் வம்பு வருது. என்ற பேர மட்டும் எங்கயும் வெச்சுராதீங்க, சொல்லிப்புட்டேன்.”

ரோபோவுக்கு கேம் கொடுத்த பெயர் யூனிட் ஃபோர். அதை அப்படியே விட்டார். அதன் தரப்பில் கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

பைலட்டுக்கு மீசை வைத்ததும் முதல் கமெண்டு வந்தது. “சித்தப்பா போட்டிருக்காருண்ணே,” என்றான் டோனி. “மீசை இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணலாம், அப்படிங்கிறாரு.”

பெரிதாக்கினார். இன்ஜினியருக்கும் மீசை வந்தது. “உங்க மச்சானும் வந்துட்டாரு. அவருக்கு வெச்ச அளவே நமக்கும் போதுமுங்க, அப்படிங்கிறாரு.” இரண்டு மீசைகளும் கேம் அனுமதிக்கிற கடைசி எல்லை வரை போய்க் காதோரம் நின்றன. உருவாக்கியவர்கள் அமெரிக்காவிலோ போலந்திலோ உட்கார்ந்து அந்த எல்லையை நிர்ணயித்தபோது, இவ்வளவு தூரம் எவனும் வரமாட்டான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கப்பல் கிளம்பியது.

இனி கொஞ்ச நேரம் பழனிக்குமாரை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த மனிதன் உண்மையிலேயே பூமியில் இல்லை. மேகம் கிழிந்தது. நீலம் கறுப்பானது. மூன்று நிலாக்கள் வரிசையாக எழுந்தன, பெரியது பின்னால், சின்னது முன்னால், சரத்தில் கோத்த மாதிரி. கையிலிருந்த கன்ட்ரோலர் கப்பலோடு சேர்ந்து நடுங்கியது. ஒரு கிரகத்தில் இறங்கினார். தரை முழுக்க வாடாமல்லிக் குவியல் நிறத்தில் புழுதி. ஈர்ப்பு விசை குறைவு என்பதால் ஒரு தாவு தாவினால் ஆள் மேலே போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார்.

“ஏ யப்பா! இந்தத் தாவுல நம்ம மலைக்கோட்டைய இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாண்டிரலாம் போலயேடா!”

தாவினார். மறுபடி தாவினார். கதை ஒருபக்கம் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவர் வேலைவெட்டி இல்லாமல் கால்மணி நேரம் பள்ளத்துக்குப் பள்ளம் தாவிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து வெங்காயத் தட்டோடு வந்த ஜீவிதா, வந்த வேலையை மறந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளத்தின் அடியில் ஒரு சந்தை. நாலு கை உள்ள, ஈரப் பச்சை நிறமான ஒரு வியாபாரி எரிபொருள் விற்றுக்கொண்டிருந்தான். விலையை வாயால் சொல்வது அவர்கள் வழக்கமில்லையாம். போர்வைக்கு அடியில் கையை நீட்டுகிறான். கேப்டனும் நீட்ட வேண்டும். கன்ட்ரோலர் உள்ளங்கையில் இத்தனை முறை அதிர்ந்தால் இத்தனை ரேட்டு. குறைத்துக் கேட்க நாமும் அமுக்க வேண்டும்.

பழனிக்குமார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு அலறினார்.

“துண்டுக்கடியில விரல் புடிக்கிறான்டா! மாட்டுச் சந்தையில புடிக்கிற மாதிரியே புடிக்கிறான்டா, டோனி!”

மாட்டுத் தரகரான தாத்தா வழியில் வந்த ரத்தம் அது. நாலு கைக்காரன் அதிர்த்தான், இவர் அமுக்கினார். அவன் முகத்தைச் சுளித்தான். இவர் எழுந்து போவது போல நடந்தார். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். பாதி ரேட்டுக்கு எரிபொருள் நிரம்பியது. பழனிக்குமார் நாற்காலியில் ஏறி நின்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு மரியராஜ் வாத்தியார், வீட்டில் பாம்பு புகுந்துவிட்டதோ என்று கம்போடு வந்து, விஷயம் தெரிந்து, கம்போடு திரும்பிப் போனார்.

வியாபாரம் முடிந்ததும் நாலு கைக்காரன் கண் கலங்கினான். அவனுடைய கிரகம் போன மாதம்தான் வெடித்துப் போனதாம்.

“ஐயோ, ஏனுங்க, அந்தப் பச்சை ஆளு அழுவுறாரு. எதாச்சும் கேளுங்க,” என்றாள் ஜீவிதா.

கேட்க மூன்று கேள்விகளைத் திரை காட்டியது. வெடிக்கவைத்தது யார், அவர்களிடம் என்ன ஆயுதம், எனக்கு என்ன தருவாய். பழனிக்குமார் மூன்றையும் இரண்டு தடவை பார்த்தார்.

“இம்புட்டுப் பெரிய கேமு எடுத்திருக்கான், சாப்டீங்களான்னு கேக்க ஒரு ஆப்ஷன் வைக்கலியேடா.”

இவ்வளவு தூரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. அடுத்து எங்கே போவது என்பதில் கோளாறு ஆரம்பித்தது. பெரிய நிலாவுக்குப் போகலாம் என்றார் இன்ஜினியர். விண்வெளி நிலையத்துக்குப் போகலாம் என்றார் பைலட். பழனிக்குமார் மறுபடி தாவலாமே என்ற ஆசையில் நிலாவைத் தேர்ந்தெடுத்தார். திரையின் மூலையில் சின்னதாக ஒரு வரி வந்தது. பழக்க தோஷத்தில் அதைத் தமிழாக்கி, கணீரென்று படித்தார்:

“காமராஜ் இதை மறக்க மாட்டார்.”

டோனி லேப்டாப்பைப் பார்த்தான்.

“அண்ணே,” என்றான் டோனி மெல்ல, “அந்த மாதிரி வரியெல்லாம் மனசுக்குள்ள படிச்சுக்கங்க.”

“என்னடா? எதும் போட்டிருக்காரா?”

“போட்டிருக்காரு. ‘உண்மைதான்’னு ஒரே வார்த்த.”

பழனிக்குமாருக்கு வியர்த்தது. சமன் செய்யும் எண்ணத்தில், அடுத்த முடிவில் பைலட் சொன்னதைக் கேட்டார். மூலையில் வந்த வரியை இந்த முறை அவர் படிக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரிந்த யாரோ ஒரு கல்லூரிப் பையன் கமெண்டில் தமிழாக்கி உதவினான்: ‘நாட்ராயன் மனம் உடைந்து தன் அறைக்குச் சென்றார்.’

அதன் கீழே நெய்க்காரப்பட்டியிலிருந்து பதில் வந்தது. டோனி படித்தான்: “பரவால்லீங்க மாப்ள. நமக்கு இது பழக்கந்தானுங்க.”

“எங்கண்ணன் இப்படி எழுதுனா மூணு நாளைக்குச் சோறு திங்காதுங்க,” என்றாள் ஜீவிதா. வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு பழனிக்குமார் விளையாடியதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. பைலட்டுக்கு ஒரு லேசர் துப்பாக்கி வாங்கினால் இன்ஜினியருக்கும் அதே ரகத்தில் ஒன்று. இன்ஜினியரிடம் நலம் விசாரித்தால் உடனே ஓடிப்போய் பைலட்டிடமும் நலம் விசாரிப்பு. ‘உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடமும் கேட்டார். அண்டம் ஒருபக்கம் அழிந்துகொண்டிருந்தது. கேப்டன் இரண்டு அறைகளுக்கு நடுவில் வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தார். ஆனாலும் அந்த ஓட்டத்துக்கு நடுவில் ஜன்னலுக்கு வெளியே ஒரு வால் நட்சத்திரம் போனபோது நின்று பார்த்து, “அம்மாடி” என்றார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போதுதான் கொள்ளைக்காரர்கள் தாக்கினார்கள்.

கப்பல் குலுங்கியது. சிவப்பு விளக்குகள் சுழன்றன. “வாங்கடா! வாங்க!” என்று பழனிக்குமார் எழுந்து நின்று சுட்டார். மூன்று கப்பல்களை வீழ்த்தினார். நாலாவது கப்பல், விழுவதற்கு முன் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனது. புகை. புகை விலகியது. இரண்டு கண்ணாடிக் கதவுகள். இடது கதவுக்குப் பின்னால் காதோர மீசையோடு ஒரு முகம், கண்ணாடியைத் தட்டுகிறது. வலது கதவுக்குப் பின்னால் அதே அளவு மீசையோடு இன்னொரு முகம், அதுவும் தட்டுகிறது. இரண்டு அறைகளிலும் தீ.

எழுத்து வந்தது. பழனிக்குமார் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும்.

“பாஸ் போடுங்கண்ணே! பாஸ்!”

போட்டார். ஆட்டம் நின்றது, தீ அப்படியே உறைந்தது. இரண்டு முகங்களும் தட்டிய கையோடு நின்றன.

செல்போன் அடித்தது. சித்தப்பா.

“ஏலே அப்பு, பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். இதுல யோசிக்க என்னடா கெடக்கு? அவரக் காப்பாத்து.”

“சித்தப்பா, இது சும்மா ஒரு கேமு...”

“தெரியும்டா. எனக்கு வயசு அறுபத்தி நாலு ஆச்சு. நான் இருந்து எதச் சாதிக்கப் போறேன்? அவுக வேணும்ல ஒனக்கு, பொண்ணு குடுத்தவுக. கோயில் சாவிய பூசாரி வீட்ல குடுத்து விட்டுர்றேன். ஞாயித்துக்கிழம நீங்களே தெறந்து, நீங்களே சாமி கும்பிட்டு, நீங்களே மூடிக்கங்க. அம்புட்டுதேன்.”

வைத்துவிட்டார். வைத்த மறுநொடி நாட்ராயன்.

“மாப்ள, பெரியவங்களக் காப்பாத்துங்க. நம்மளப் பத்திக் கவலையே படாதீங்க.”

“மச்சான், அப்படியெல்லாம் பேசாதீங்க...”

“இல்லீங்க, நெசமாத்தானுங்க சொல்றேன். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போறோம். ஞாயித்துக்கிழம தோப்புல மோட்டார் வேற ரிப்பேருங்க, ஆள் வரச் சொல்லியிருக்குது. மடிதானுங்க வேணும்? யார் மடியா இருந்தா என்னங்க, மடி மடிதானே.”

என்னைக் காப்பாற்று என்று ஒருவராவது கேட்டிருந்தால் பழனிக்குமார் பிழைத்திருப்பார். கேட்பவருக்குக் கொடுக்கலாம், மற்றவரிடம் காரணம் சொல்லலாம். அவரைக் காப்பாற்று என்று இருவரும் சொல்லிவிட்டபிறகு, யார் சொல்லைக் கேட்டாலும் சொன்னவர் செத்தார். ஞாயிற்றுக்கிழமை ஒன்று கோயில் பூட்டியிருக்கும். இல்லையென்றால் மடி இருக்காது. சமையலுக்கு முன்பணம் போயாயிற்று. சொந்தபந்தம் மொத்தத்துக்கும் வட்டமான பத்திரிகை போயாயிற்று. மகள் இடுப்பு உயரம் வளர்ந்தும் காதில் ஓட்டை இல்லாமல் நிற்கும் காட்சி பழனிக்குமாரின் கண்முன் ஓடியது.

“ரெண்டு பேரையும் காப்பாத்த வழியே இல்லியாடா?”

டோனி திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான். கீழ் ஓரத்தில், பொடி எழுத்தில், மூன்றாவதாக ஒன்று இருந்தது.

“இருக்குண்ணே. கேப்டனே உலைக்குள்ள எறங்கி, கையால வால்வ மூடலாமாம். ரெண்டு கதவும் தெறந்துக்கும். ஆனா...” அவன் தயங்கினான். “கேப்டன் திரும்பி வர மாட்டாராம்.”

“நான் செத்துருவேனா?”

“ஆமாண்ணே.”

பழனிக்குமார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏனுங்க,” என்றாள் ஜீவிதா, “நீங்களே போயிருங்க.”

“அக்கா!” என்றான் டோனி.

“பின்ன? இவரு செத்தாத்தானப்பா யாருக்கும் மனத்தாங்கல் வராது.”

பழனிக்குமார் இறங்கினார். அந்தக் கேமை உருவாக்கியவர்கள் வாழ்க. அவ்வளவு நேர்த்தியான சாவு நாகல்நகரில் யாருக்கும் வாய்த்ததில்லை. நீல நெருப்புக்குள் ஒவ்வொரு அடியாக நடந்தார். கன்ட்ரோலர் நெஞ்சுத் துடிப்பு போல அடித்து, அடித்து, தளர்ந்தது. வால்வை மூடினார். இரண்டு கதவுகளும் திறந்தன. மீசைகள் இரண்டும் ஓடிவந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தன. அவர் கையைத் தூக்கினார். வயலின். இருட்டு. பழனிக்குமாரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. டோனி சிலுவை போட்டுக்கொண்டான்.

பிறகு சவ அடக்கம். வெள்ளைத் துணி சுற்றிய கேப்டனின் உடலை ஒரு பேழையில் வைத்து சூரியனை நோக்கி அனுப்பினார்கள். திரையில் பழனிக்குமாரின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. அந்த நேரம் பார்த்து நேரலைக்குள் நுழைந்த ஆத்தூர் அத்தை பழனியம்மாள், “அய்யய்யோ, நல்லா இருந்த புள்ளையாச்சே, எப்ப எடுக்குறாங்க?” என்று கமெண்டு போட்டார். அதற்குக் கீழே நாலு பேர் கை கூப்பினார்கள்.

ஆனால் கமெண்டில் சித்தப்பாவிடமிருந்து ஒரு மலர் வளையப் படம் வந்தது. மச்சானிடமிருந்தும் ஒன்று. இருவருக்கும் திருப்தி. பழனிக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு காமிராவைப் பார்த்துப் புன்னகைத்தார். “மக்களே, இதுதான் தலைவனுக்கு அழகு. எல்லாரையும் அரவணைச்சு...”

திரையில் அடுத்த எழுத்து வந்தது. கேப்டன் இல்லாத கப்பல் போகாதாம். புதிய கேப்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

காமராஜ். நாட்ராயன். யூனிட் ஃபோர்.

“பாஸ் போடு, டோனி. பாஸ் போடு!”

“இதுக்கு பாஸ் வேல செய்யலண்ணே. நேரம் ஓடுது.”

ஓடியது. முன்பாவது யார் சாவது என்ற பிரச்சினை. இது யார் தலைமை என்ற பிரச்சினை. மேடைப்படி பிரச்சினை. போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. பழனிக்குமார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலைக் கீழே கீழே தள்ளி, அமுக்கினார்.

தகரக் கால்கள் சத்தமிட யூனிட் ஃபோர் நடந்து வந்தது. இதுவரை அது கப்பலில் தரை துடைத்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கேப்டன் நாற்காலியில் அமர்ந்தது. இரண்டு மீசைகளும் அதற்கு விறைப்பாக சல்யூட் அடித்தன.

நேரலையில் ஒரு கமெண்டு வந்தது. டோனி படித்தான். “சித்தப்பா: ஒரு மெஷினுக்கா?”

உடனே இன்னொன்று. “மச்சான்: அதேதானுங்க நானும் கேக்குறேன்.”

“சித்தப்பா: தர தொடைக்கிற டப்பாவுக்கு நாம சல்யூட் வைக்கணுமா?”

“மச்சான்: நல்லாக் கேட்டீங்க.” டோனி நிமிர்ந்தான். “அண்ணே... ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பதில் போடுறாக.”

அத்தோடு இரண்டு பேரும் நேரலையைவிட்டு வெளியேறினார்கள். ஜீவிதா அண்ணனுக்குப் போன் போட்டாள். வேறொரு அழைப்பில் இருந்தார். பழனிக்குமார் சித்தப்பாவுக்குப் போட்டார். அவரும் வேறொரு அழைப்பில் இருந்தார். சாயங்காலம் பூ கட்டுகிறவர்கள் வந்து போகும்வரை இரண்டு எண்களும் அப்படியே இருந்தன.

சனிக்கிழமை முழுக்க இருவரும் போனை எடுக்கவில்லை. குடும்பக் குழுவில் இருவரும் ஒன்றும் போடவில்லை. பழனிக்குமார் மார்க்கெட்டில் சம்பங்கியை மல்லி ரேட்டுக்குக் கூவினார்.

“ரெண்டு பேரும் சேந்து வராம இருக்குறதுன்னு பேசி வெச்சிருப்பாங்களோ?” என்றார் இரவுச் சாப்பாட்டில்.

“நாலு வருசமா உங்களால சேத்து வைக்க முடியலீங்க,” என்றாள் ஜீவிதா. “இப்பச் சேந்திருந்தா அதையாச்சும் ஒரு புண்ணியம்னு நெனச்சுக்கங்க.”

ஞாயிறு காலை கோயில் வாசல் பூட்டிக் கிடந்தது. நாவிதர் வந்துவிட்டார். காது குத்தும் ஆசாரி வந்துவிட்டார். அணைத் தண்ணீரிலிருந்து வந்த காற்றில் பந்தல் படபடத்தது. சமையல்காரர் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்கு வாழைக்காய் சீவிக்கொண்டே, “சாமி கும்பிட்டப்புறம் எறக்குறதா, முன்னாடியே எறக்கிரவா?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். பழனிக்குமார் புது வேட்டியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கார் வந்தது. ஒரே கார். முன் கதவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்தன. ஒரு பக்கமிருந்து காமராஜ், மறு பக்கமிருந்து நாட்ராயன். சீர்த் தட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, தோளோடு தோள் உரச, பேசிக்கொண்டே வந்தார்கள்.

“தோப்புக்கு யூரியாவே போடாதீக, நான் ஒண்ணு தாரேன், போட்டுப் பாருங்க.”

“சித்தையங்கோட்டைக்கே வந்து எடுத்துக்கிறனுங்க.”

“வாங்க சித்தப்பா! வாங்க மச்சான்!” பழனிக்குமார் கைகூப்பி ஓடினார்.

இருவரும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

“கேட்டீகளா,” என்றார் காமராஜ், சத்தமாக, பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும். “கூடப் பொறந்தவன் மகன்னு பாத்தோம். டப்பாவ நம்பிக் கப்பலக் குடுக்குறான்.”

“நாங்களும் நம்பித்தானுங்க பொண்ணு குடுத்தோம்,” என்றார் நாட்ராயன்.

பூட்டு திறந்தது. மணி அடித்தது. அதற்குப் பிறகு எதற்கும் பழனிக்குமாரை யாரும் கேட்கவில்லை. எந்த மாலை யாருக்கு, எந்தத் தட்டு எங்கே, ஆசாரி எந்தப் பக்கம் உட்காருவது எல்லாவற்றையும் இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். மொட்டை அடித்த குழந்தை நாட்ராயன் மடியில் உட்கார்ந்தது. குழந்தை உதைக்காமல் காலைப் பிடித்துக்கொண்டார் காமராஜ். கிட்டே வந்து எட்டிப் பார்த்த பழனிக்குமாரைக் காமராஜின் ஒரு கை தள்ளியது.

“கேப்டன்தான் செத்துட்டாருல்ல. தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

பந்தலில் சிரிப்பு வெடித்தது. ஜீவிதாவும் சிரித்தாள். பழனிக்குமார் தள்ளிப் போய் வாழைக்காய் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றார். அங்கே டோனி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, வீடியோவுல கேமுக்கு ரேட்டிங் சொல்லாமயே விட்டுட்டீங்க. பத்துக்கு எத்தன போடட்டும்?”

பழனிக்குமார் யோசித்தார். மூன்று நிலாக்களை யோசித்தார். நாலு கைக்காரனின் விரல்களை யோசித்தார். அந்தத் தாவலை யோசித்தார். முகம் தானாக மலர்ந்தது.

“ஒம்பதுடா. தாராளமா ஒம்பது. ஒண்ணு எதுக்குக் கொறச்சேன்னு யாராச்சும் கேட்டா, ஆளுகளுக்குப் பேரு வைக்க விடுறது தப்புன்னு சொல்லு.”

ஆசாரி ஊசியை எடுத்தார். கூட்டம் நெருங்கியது. தாய்மாமன் மூச்சை அடக்கிக்கொண்டார். சித்தப்பா சாமி பெயரைச் சொன்னார். நாதஸ்வரக்காரர் வேகம் பிடித்தார்.

இடது காது மட்டும் லேசாகப் புண்ணானது. தேங்காய் எண்ணெய் போட்டார்கள், ஆறிவிட்டது.